குரைக்கிற நாயும் கத்துகிற வீடும்

உங்கள் வீட்டு நாய் குரைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? யோசிக்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். 'ஏய், சும்மா இரு!' என்று கத்துவீர்கள். அது இன்னும் குரைக்கும். நீங்கள் இன்னும் பலமாகக் கத்துவீர்கள். நாலு வீடு தள்ளி இருப்பவருக்கு, குரைப்பது யார், அதட்டுவது யார் என்று பிரித்துச் சொல்வதே கஷ்டமாகிவிடும்.

நாயின் பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். அது குரைத்தது. உடனே முதலாளியும் ஓடிவந்து கூடவே குரைத்தார். அப்படியென்றால் வெளியே நிஜமாகவே ஏதோ ஆபத்து. இன்னும் பலமாகக் குரைக்க வேண்டியதுதான்!

நம்முடைய பழமொழிகளையும் கொஞ்சம் கவனியுங்கள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்கிறோம். குளிப்பாட்டி நடு வீட்டில் வைத்தாலும் அதன் புத்தி போகாது என்கிறோம். அதே வாயால் 'அடியாத மாடு படியாது' என்று சொல்லிக்கொண்டு, நாயைப் பார்த்துக் கம்பையும் எடுக்கிறோம். சார், ஒன்று சொல்லுங்கள். திருந்தவே திருந்தாது என்றால் எதற்கு அடிக்கிறீர்கள்? அடித்தால் திருந்தும் என்றால் வால் பழமொழி எதற்கு? இரண்டையும் ஒரே மூச்சில் நம்புகிறவர்கள் நாயைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

தேனி மாவட்டத்தில் காமயகவுண்டன்பட்டி என்று ஓர் ஊர். கம்பம் பக்கம். கே.கே.பட்டி என்றால்தான் பஸ் கண்டக்டருக்குச் சட்டென்று புரியும். சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள், அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தப் பழம் விளைகிற பூமி. அங்கே நண்பனின் பெரியப்பா வீட்டில் இரண்டு ராத்திரி தங்க நேர்ந்தது. தங்கினேன் என்றுதான் சொல்ல முடியும். தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

வாசல் கேட்டை ஒட்டி ஒரு தூண். தூணில் சங்கிலி. சங்கிலியின் முனையில் மணி. செவலை நிறம், கறுத்த மூக்கு. சங்கிலியின் நீளம் அதிகம் போனால் நாலடி இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்த கச்சேரி விடிகிற வரைக்கும் ஓயவில்லை. நடுவில் உள்ளேயிருந்து பெரியப்பா இரண்டு மூன்று தடவை, 'டேய்... நாயே!' என்றார். (நாயை நாயே என்று திட்டினால் அதற்கு எப்படி ரோஷம் வரும்?) ஒருமுறை எழுந்து வந்து செருப்பை விட்டெறிந்தார். ஐந்து நிமிஷம் அமைதி. மறுபடியும் ஆரம்பம்.

காலையில் காபியோடு பேச்சு அங்கேதான் வந்து நின்றது.

'எல்லாம் செஞ்சு பார்த்தாச்சு தம்பி. அடிச்சாச்சு. தண்ணி ஊத்தியாச்சு. ஒரு நாள் வாயைத் துணியால கட்டிக்கூடப் பார்த்தாச்சு. அடங்க மாட்டேங்குது. பக்கத்து வீட்டுல சண்டைக்கு வர்றாக. இந்த மாசம் பார்ப்பேன். இல்லேன்னா குமுளி ரோட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன்.'

'எத்தனை வருஷமா கட்டிப் போட்டிருக்கீங்க பெரியப்பா?'

'குட்டியா வந்ததுல இருந்து அங்கனதான் கெடக்கு. அவுத்துவிட்டா ஓடிரும்ல?'

அவர் கெட்டவர் இல்லை. மணிக்கு மூன்று வேளையும் சோறு உண்டு. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பும் உண்டு. தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் லட்சக்கணக்கான நல்ல மனிதர்களில் அவர் ஒருவர், அவ்வளவுதான். பிரச்னையும் அங்கேதான் இருக்கிறது. நல்லவர்கள் செய்வதால் இதைக் கொடுமை என்று யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சட்டம் சேர்த்திருக்கிறது. 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. நியாயமற்ற அளவு குட்டையான சங்கிலியில் அல்லது நியாயமற்ற அளவு கனமான சங்கிலியில் பிராணியை நெடுநேரம் கட்டி வைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடமாட்டம் தராமல் இருப்பது தனியாக ஒரு குற்றம். காரணமின்றிக் கைவிடுவதும் குற்றம். படித்ததும் நிமிர்ந்து உட்காருகிறீர்களா? அவசரப்படாதீர்கள். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய் என்று எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகளாக மாறாமல் கிடந்த தொகை இது. ஒரு நாயின் ஆயுளை நாலடிக்குள் முடக்குவதற்கு, இரண்டு காபிக்கான காசு!

சரி, மணி ஏன் குரைக்கிறது?

நாயின் மூதாதை ஓநாய். வளர்ந்த ஓநாய் அபூர்வமாகத்தான் குரைக்கும். அதன் வேலை ஊளையிடுவது. குரைப்பை இந்த அளவுக்கு வளர்த்துவிட்டவன் மனிதன். ஆயிரக்கணக்கான வருஷங்களாக, யாராவது வந்தால் குரல் கொடுக்கிற குட்டியாகப் பார்த்துப் பார்த்துச் சோறு போட்டோம். இதே உத்தமபாளையம் தாலுகாவில்தான் கோம்பை இருக்கிறது. அந்த ஊர் பெயரிலேயே ஒரு நாய் இனம் உண்டு. காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனது. 2020 ஆகஸ்ட் மாத வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் சேர்த்துச் சொன்னார். அப்படிப்பட்ட மண்ணில் நின்றுகொண்டு, 'நாய் ஏன் குரைக்குது?' என்று கேட்பது, சேவலை வாங்கி வந்துவிட்டு 'ஏன் கூவுது?' என்று கேட்பது மாதிரி.

அதுவும் சும்மா குரைப்பதில்லை. ஹங்கேரி நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அந்நியனைப் பார்த்தபோது, தனியாகக் கட்டிப் போட்டபோது, விளையாடும்போது என்று வெவ்வேறு சமயங்களில் நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து மனிதர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். நாயே வளர்க்காதவர்கள்கூட, குருட்டாம்போக்கில் சொல்வதைவிட அதிக அளவில், எது எந்தச் சமயத்துக் குரைப்பு என்று சரியாகச் சொன்னார்கள். 2005-ல் வெளியான ஆய்வு இது. ஆக, அந்த பாஷை நமக்குக் கொஞ்சம் புரியத்தான் செய்கிறது. கேட்கத்தான் பொறுமை இல்லை.

நான் காமர்ஸ் படித்தவன். எனக்குத் தெரிந்த வழியில் இதைச் சொல்கிறேன். எந்தப் பழக்கமும் வரும்படி இல்லாமல் நீடிக்காது. மணியின் பேரேட்டைத் திறந்து பாருங்கள். விடிகாலையில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கேரளா பக்கம் போகும் ஜீப்புகள் தெருவில் வரும். மணி குரைக்கும். ஜீப் போய்விடும். அது கம்பம் மெட்டுக்குப் போகிற ஜீப், எப்படியும் போகத்தான் போகிறது என்பது மணிக்குத் தெரியுமா? 'நான் குரைத்தேன், அது ஓடிவிட்டது' என்று வரவு வைத்துக்கொள்கிறது. பால்காரர் வந்தார், குரைத்தது, போய்விட்டார். இன்னொரு வரவு. ராத்திரி முழுக்கத் தனிமை. குரைத்தால் உள்ளேயிருந்து பெரியப்பா குரல் வருகிறது. திட்டுதான். ஆனாலும் பகல் பூராவும் யாரும் திரும்பிப் பார்க்காத பிராணிக்கு அதுவும் ஒரு வரவு. குரைக்காமல் படுத்திருந்த நேரத்துக்கு என்ன கிடைத்தது? பூஜ்யம். குரைப்புக்குச் சம்பளம், அமைதிக்குப் பட்டினி. இந்தக் கம்பெனியில் நீங்கள் வேலை பார்த்தால் என்ன செய்வீர்கள்?

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. பத்து தடவை கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பதினோராவது தடவை 'தொலையட்டும்' என்று பிஸ்கட்டைத் தூக்கிப் போடுவோமே, அது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் பழக்கத்தை இரும்பாக்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2003-ல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்வதற்கு முன்னால், தினம் சீட்டு வாங்கிய பக்கத்துத் தெருக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். தினமும் விழுந்திருந்தால் அவருக்கு அலுத்திருக்கும். எப்போதோ ஒரு தடவை விழுந்ததால்தான் வீட்டை அடகு வைத்தார்.

இனி நகரத்துக்கு வருவோம். 'நாங்க எல்லாம் அடிக்கிறதில்லை சார், டிரெய்னர் வெச்சிருக்கோம்' என்கிறீர்களா? ரொம்பச் சரி. அந்த டிரெய்னர் முதல் நாளே, 'நாய்க்கு நீங்கதான் ஆல்ஃபான்னு காட்டணும்' என்று சொல்லியிருப்பாரே? கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்கிக் காட்டியிருப்பாரே? இந்த ஆல்ஃபா கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? ருடால்ஃப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து 1947-ல் எழுதியது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரே பட்டியில் அடைத்தால் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் என்ற ஓநாய் நிபுணர் 1970-ல் எழுதிய புத்தகம் அந்தக் கருத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. பிறகு அவரே காட்டில் ஓநாய்களோடு பல கோடைகாலங்களைக் கழித்துவிட்டு, 1999-ல் ஒரு கட்டுரை எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம். அங்கே நாற்காலிச் சண்டை கிடையாது என்றார். தன் பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பகத்திடம் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார். எழுதியவரே வேண்டாம் என்றதை நம்ம ஊர் டிரெய்னர் மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு விற்கிறார்.

இன்னொரு கூட்டம், குரைத்தால் ஷாக் அடிக்கிற பட்டையை ஆன்லைனில் வாங்குகிறது. பிரிட்டனில் வேல்ஸ் பகுதி 2010-லேயே அதைத் தடை செய்துவிட்டது. இங்கே கூரியரில் வீட்டுக்கே வருகிறது.

அடியும் ஷாக்கும் வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. சில சமயம் செய்யும். அதுதான் பயம். குரைப்பும் உறுமலும் நாயின் எச்சரிக்கை மணி. 'எனக்குப் பயமா இருக்கு, கிட்ட வராதே' என்று அது சொல்கிற வார்த்தை. அந்த வார்த்தையை அடித்து அழித்தால் பயம் போகாது. எச்சரிக்கை மட்டும்தான் போகும். அப்புறம் ஒரு நாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்பதை நம்பிக் கையை நீட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குரைக்கிற நாயும் கடிக்கும். கடித்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் எல்லாம் வேண்டாம்.

வாயைத் துணியால் கட்டுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வெயில் நேரத்தில் வாயைக் கட்டினால் அது சாகவும் வாய்ப்பு உண்டு.

'சரிய்யா, திட்டினது போதும். என்னதான் செய்யச் சொல்றே?' என்கிறீர்கள். நியாயம். சொல்கிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு வாரம், நாய் எத்தனை மணிக்குக் குரைத்தது, எதைப் பார்த்துக் குரைத்தது, குரைத்ததும் அதற்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். பாதிக் காரணம் அதிலேயே வந்துவிடும். திடீரென்று புதிதாகக் குரைக்க ஆரம்பித்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலியாக இருக்கலாம், வயதாகிப் பார்வை மங்கியிருக்கலாம்.

இரண்டாவது, தெருவைப் பார்க்கிற இடத்திலிருந்து நாயை மாற்றுங்கள். ராத்திரி பின்கட்டில், வீட்டு மனிதர்களின் வாசனை படுகிற இடத்தில் படுக்கட்டும். கேட்டின் கீழ்ப்பாதியை ஒரு தகரத்தால் மறைத்தாலே பாதிக் கச்சேரி முடிந்துவிடும். மூன்றாவது, காலையும் மாலையும் கழுத்தில் கயிற்றோடு அரை மணி நேரம் நடக்க விடுங்கள். மோப்பம் பிடிக்க விடுங்கள். நாய்க்கு அதுதான் பேப்பர் படிப்பது. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கியைக் கோடம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் பூட்டி வைத்துவிட்டு, சோபாவைக் கடிக்கிறது, ராத்திரியில் ஊளையிடுகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்கும் இதே மருந்துதான், இரண்டு மடங்கு.

நாலாவது, சம்பளத்தை மாற்றிக் கொடுங்கள். நாய் குரைக்கிறது. கத்தாமல் 'போதும்' என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். மூச்சு வாங்க அது நிறுத்துகிற அந்த இரண்டு வினாடியில் ஒரு துண்டு கருவாடோ பிஸ்கட்டோ கொடுங்கள். அடுத்த தடவை மூன்று வினாடி. பிறகு ஐந்து, பத்து. ஒரு குறிப்பு: சும்மா படுத்திருக்கும்போதும் போய்த் தடவிக் கொடுங்கள். அமைதிக்கு வருமானம் உண்டு என்று அதற்குத் தெரிய வேண்டாமா? வீட்டில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்ல வேண்டும். அப்பா 'போதும்', அம்மா 'ச்சூ', பையன் 'ஸ்டாப்' என்றால் நாய்க்கு மும்மொழிக் கொள்கையாகிவிடும். கண்டுகொள்ளாமல் விட ஆரம்பித்த முதல் சில நாட்கள் குரைப்பு குறையாது, கூடும். வழக்கமாக வருகிற சம்பளம் வராவிட்டால் நாம் ஆபீஸில் சத்தம் போட மாட்டோமா? அந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து பிஸ்கட் போட்டீர்களோ, லாட்டரிச் சீட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பயமில்லாமல் பார்க்கிறதோ, அதற்கெல்லாம் பிற்பாடு அவ்வளவாகப் பயப்படாது என்று ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1965-லேயே எழுதிவிட்டார்கள். குடை, ஹெல்மெட், பால்காரர், குக்கர் விசில் எல்லாம் அப்போதே அறிமுகமாகட்டும். மொட்டை மாடியில் தனியாகக் கட்டிப் போட்ட குட்டிக்கு உலகமே அந்நியன். அப்புறம் உலகத்தையே பார்த்துக் குரைக்கும்.

'காவலுக்குத்தானே வளர்க்கிறோம், குரைக்காமல் இருந்தால் எப்படி?' என்று ஒரு கேள்வி வரும். பெரியப்பாவும் கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன்: 'நேத்து ராத்திரி மணி குரைச்சப்ப ஒரு தடவையாவது வெளிய வந்து யாருன்னு பார்த்தீங்களா?' பார்க்கவில்லை. செருப்பை எறியத்தான் வந்தார். எல்லாவற்றுக்கும் குரைக்கிற நாய் காவல் காப்பதில்லை. அதன் சத்தத்துக்கு வீடே காதடைத்துப் போயிருக்கும்போது நிஜத் திருடன் வந்தால் அவனுக்கும் அதே மரியாதைதான். அளந்து குரைக்கிற நாயைத்தான் நம்பித் தூங்க முடியும்.

'மனுஷனுக்கே நடக்க நேரமில்லை, நாய்க்கு வாக்கிங்கா?' என்பது அடுத்த கேள்வி. நேரமில்லை என்றால் வளர்க்காதீர்கள். இதில் அவமானம் எதுவும் இல்லை. நாய் வளர்த்தே தீர வேண்டும் என்று ரேஷன் கார்டில் எழுதியிருக்கிறதா?

பெரியப்பா சொன்னாரே, 'குமுளி ரோட்டுல விட்டுட்டு வந்துருவேன்' என்று. அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நீங்களும் சாதாரணமாகத்தான் படித்தீர்கள். தெருநாய்ப் பிரச்னையில் யாரும் பேசாத பக்கம் இதுதான். 2025 ஆகஸ்ட் 11-ம் தேதி, டெல்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது சுப்ரீம் கோர்ட். 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு, வெறிநோய் இருக்கிற, மூர்க்கமான நாய்களைத் தவிர மற்றவற்றை அதே இடத்தில் விடச் சொன்னது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நாய் கடித்த குழந்தையின் படத்தை ஒரு கட்சி காட்டியது. வலையில் சிக்கிய நாயின் படத்தை இன்னொரு கட்சி காட்டியது. 'குரைக்குது', 'கடிக்குது', 'வயசாயிடுச்சு' என்று சொல்லி, வளர்த்த நாயைத் தெருவில் இறக்கிவிட்டுப் போன புண்ணியவான்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காமயகவுண்டன்பட்டி சுதந்திரப் போராட்டத் தியாகிகளின் ஊர். காந்திக்குக் கோயில் கட்டி வைத்திருக்கிற ஊர். அந்தக் காந்தி நாய்களைப் பற்றி என்ன சொன்னார் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1926-ல் அகமதாபாத் ஆலை முதலாளி ஒருவர் தன் ஆலை வளாகத்தில் திரிந்த 60 நாய்களைக் கொல்லச் செய்தார். ஊர் கொதித்தது. காந்தியோ, வேறென்ன செய்திருக்க முடியும் என்று கேட்டு 'யங் இந்தியா'வில் தொடர்ந்து எழுதினார். வசைக் கடிதங்கள் குவிந்தன. கொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. தெருநாய்களுக்கு அன்றைக்கு இல்லாத கருத்தடைத் திட்டமும் தடுப்பூசித் திட்டமும் இன்றைக்கு இருக்கின்றன. ஆனால் அவர் அடிப்படையாகச் சொன்னதை எவராலும் மறுக்க முடியவில்லை. சொந்தக்காரன் இல்லாத நாய் தெருவில் திரிவது அந்தச் சமூகத்தின் கருணைக்கு அடையாளம் இல்லை, சோம்பேறித்தனத்துக்கு அடையாளம். நாய் வேண்டுமென்றால் பொறுப்பேற்று வளருங்கள் என்றார். பொறுப்பு என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் நாம் சங்கிலியையும் செருப்பையும் குமுளி ரோட்டையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம்.

மணி இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பின்கட்டுக்கு மாறிவிட்டது. காலையில் பெரியப்பாவோடு தோட்டம் வரை போய் வருகிறது. குரைப்பு நின்றுவிடவில்லை. குறைந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவதை நிறுத்தியிருக்கிறார் என்று போனில் சொன்னார்கள்.

இன்றைக்கு ராத்திரி உங்கள் நாய் குரைக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அதன் சங்கிலியை அளந்து பாருங்கள். வரும் நீளத்தை, உங்கள் படுக்கை அறைத் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருங்கள். டி.வி. கிடையாது, பேச்சுத் துணை கிடையாது. சாயங்காலத்துக்குள் உங்கள் வீட்டில் யார் முதலில் கத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.